செகர்ஸின் ரோஜா: சிவப்பு கிளேஸ் ஒருவழியாகப் பிடித்தது

ரோஜா நிறம் பிடித்துவிட்டது! டேனியல் செகர்ஸ் வரைந்த பூமாலை ஒன்றின் மூலையை மட்டும் செம்புத் தகட்டில் நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன்: ரோஜாக்கள், ஒரு துலிப், கொஞ்சம் ஐவி இலை. துலிப் எனக்கு எப்போதும் சுலபம். ரோஜாவின் உட்குழியில் அந்த ஆழ்ந்த சிவப்பைக் கொண்டுவருவதுதான் இத்தனை நாளாகப் பாடாய்ப் படுத்தியது.

செகர்ஸ் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆன்ட்வெர்ப்காரர், 1590-இல் பிறந்தவர். மூத்த யான் ப்ரூகலிடம் தொழில் கற்று 1611-இல் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார். 1614-இல் இயேசு சபையில் துறவற சகோதரராகப் போன பிறகும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. படங்களைச் சபை விற்கவில்லை, அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் பரிசாக அனுப்பியது. தன் கைப்பட அவர் எழுதி வைத்த பட்டியலில் 239 படங்கள் இருக்கின்றன. பூமாலையின் நடுவில் வரும் மாதா உருவத்தை ஸ்கட், க்வெலினஸ் போன்ற ஓவியர்கள் போடுவார்கள், சுற்றிலும் பூ இவருடையது. அந்தப் பூவைப் பார்த்த கண்ணுக்கு நடுவில் இருக்கும் உருவம் எனக்கு இரண்டாம் பட்சம்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சிவப்பு சிவப்புச் சாயத்தில் இல்லை, அடியில் இருக்கும் வெளிறிய ரோஸில் இருக்கிறது. செகர்ஸின் ஊர்ப் பக்கத்து ஃப்ளெமிஷ் பட்டறைகளில் அன்று ஈய வெள்ளையும் வெர்மிலியன் என்ற பளிச்சென்ற சிவப்பும் கலந்து இதழின் மேடு பள்ளம் முழுவதையும் முதலில் முடித்துவிடுவார்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகு மேலே லேக் சிவப்பை, அதாவது சாயத்தைத் தூளாகப் படியவைத்து எடுத்த வண்ணத்தை, கண்ணாடிபோல மெல்லிசாக ஓட்டுவார்கள். இந்த மேல்பூச்சுதான் கிளேஸ். வெளிச்சம் சிவப்பைக் கடந்து அடி வெள்ளையில் பட்டுத் திரும்புகிறது. சிவப்பையே அப்பி வைத்தால் இந்த ஒளி வரவே வராது.

ஈய வெள்ளை நஞ்சு, வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது அதைத் தொட மாட்டேன். டைட்டானியம் வெள்ளையோ முரட்டு வெள்ளை. கொஞ்சம் சேர்த்தாலே ரோஸ் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி செத்துப்போகிறது. நைசான சீமைச் சுண்ணாம்புத் (சாக்) தூளை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து டைட்டானியத்தோடு சேர்த்தேன். எண்ணெயில் இந்தத் தூளுக்குக் கிட்டத்தட்ட நிறமே கிடையாது, அதனால் வெள்ளையின் முரட்டுத்தனம் அடங்கி அடிப்பூச்சில் லேசான ஊடுருவல் வந்தது. வெர்மிலியனுக்குப் பதில் காட்மியம் சிவப்பில் இளம் வகை.

அடுத்த தலைவலி, காய்ந்த அடிப்பூச்சில் கிளேஸ் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டு ஓடுவது. செம்பு எண்ணெயை உறிஞ்சாது, பூச்சு முழுக்க மேலேயே காய்ந்து வழவழவென்று நிற்கிறது. செம்பில் வரைந்த பழைய ஓவியர்கள் வண்ணம் ஒட்டுவதற்காகத் தகட்டில் பூண்டுச் சாறு தேய்ப்பார்கள். நான் காய்ந்த அடிப்பூச்சின் மேலும் பூண்டை வெட்டி லேசாகத் தேய்த்து, உலர்ந்ததும் கிளேஸ் போட்டேன். ஒரே சீராக விரிந்தது. பூசியதும் ஒளி விழும் இதழ் ஓரங்களில் விரல் நுனியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும், தூரிகை அங்கே உதவாது. உட்குழிக்கு மட்டும், முதல் பூச்சு காய்ந்தபின் இன்னொரு பூச்சு. இரண்டாவது பூச்சில்தான் அந்த இருட்டுச் சிவப்பு விழுந்தது. அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்!

கிளேஸுக்கு அலிசரின் கிரிம்சன் என்ற ஆழ்ந்த சிவப்பு ட்யூப் வாங்குபவர்கள் யோசித்து வாங்குங்கள். மெல்லிசாகப் போட்டால் வெளிச்சத்தில் வெளுக்கும். நான் எளிதில் வெளுக்காத நவீன வண்ணமான குவினாக்ரிடோன் ரோஸில்தான் முடித்தேன். ஆனாலும் மனசு பழைய லேக்கில்தான் இருக்கிறது. அன்று ஐரோப்பாவில் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த மேடர் வேரிலிருந்தும் கொச்சினீல் பூச்சியிலிருந்தும் லேக் எடுத்தார்கள். அதற்கும் முன்னால் நம் பக்கத்து அரக்கிலிருந்து எடுத்த சிவப்பும் அங்கே போய்க்கொண்டிருந்தது. மஞ்சிட்டி வேர் இங்கே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. தூளாக வாங்காதீர்கள், கலப்படம் கண்ணுக்குத் தெரியாது, வேராகவே கேளுங்கள். சாயத்தை இறக்கி, படிகாரம் கரைத்து, சலவைச் சோடாவை மெதுவாகச் சேர்த்தால் லேக் அடியில் படியும். வடிகட்டி, கழுவி, காயவைத்து அரைக்க வேண்டும். பாதியை மூடி வைத்து மீதியை ஜன்னல் வெயிலில் வைத்து எவ்வளவு வெளுக்கிறது என்று பார்க்கப் போகிறேன்.

இலைகள் இன்னும் பாக்கி. அந்தக் காலப் பூ ஓவியங்கள் பலவற்றில் இலை நீலமாகத் தெரியும். மஞ்சள் லேக் வெளுத்துப் போய் அடியில் இருந்த நீலம் மட்டும் தங்கிவிட்டதால் வந்த நிறம் அது. நீல இலையை நீலமாகவே நகலெடுப்பவர்கள் உண்டு. நான் பச்சையாகத்தான் போடுவேன், செகர்ஸ் பார்த்து வரைந்தது பச்சை இலையைத்தான். அதற்கு நிலையான, ஊடுருவும் மஞ்சள் ஒன்று வேண்டும். நிக்கல் அஸோ மஞ்சளைச் செம்பின் மேல் கிளேஸாகப் போட்டவர்கள் யாராவது இருந்தால் காய எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொல்லுங்கள்.