மலாவிக் கிராமத்தில் மருத்துவ முகாம்: முந்திக்கொள்ள வேண்டிய சில வேலைகள்

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவிக்கு மருத்துவ ஊழியத்துக்கு வரும் கிறிஸ்தவ சபைக் குழுக்கள் பெரும்பாலும் ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குள் வந்துபோகின்றன. மழை இருக்காது, மண் சாலையில் வண்டி போகும், வரும் நாடுகளில் பள்ளி விடுமுறை. மலேரியா உச்சத்தில் இருப்பதோ மழைக்காலத்தில். வீட்டு மக்காச்சோளம் தீர்ந்துபோகும் பசிக்காலமும் அதோடு சேர்ந்தே வரும். ஆகவே ஜூலை முகாமின் கூட்டத்தை வைத்து ஊரின் தேவையைக் கணக்கிட்டால் தப்பாகும். மழைக்கு முன் என்ன இருப்பு வேண்டும் என்று பக்கத்துச் சுகாதார நிலையத்தில் கேட்டு, பணத்தில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்குவதே உருப்படியான வேலை.

ஸ்காட்லாந்து மிஷனின் டாக்டர் ராபர்ட் லாஸ் 1875-ல் வந்து இறங்கிய நாடு இது. மிஷன் மருத்துவம் இங்கே புதிதல்ல. கிராம அளவில் அரசுச் சம்பளத்தில் சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர்கள் இருக்கிறார்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் அனுமதியும் டாக்டர்களின் தற்காலிகப் பதிவும் மருந்து இறக்குமதி அனுமதியும் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். நன்கொடை மருந்து வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதி பாக்கி இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வீட்டு அலமாரியில் மிஞ்சிய பாதி மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் போட்டு அனுப்புவது தர்மமில்லை, குப்பையை இடம் மாற்றுவது.

மலாவியில் நோயாளியின் மருத்துவக் குறிப்பு அவர் கையிலேயே இருக்கும்: ஹெல்த் பாஸ்போர்ட் என்னும் சின்ன நோட்டு. முனை மடங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி வரும். எடை, ரத்த அழுத்தம், மருந்தின் பொதுப்பெயர், அளவு எல்லாம் அதில்தான் எழுத வேண்டும். குழுவின் லோகோ போட்ட அழகான சீட்டு மறுநாள் எவருக்கும் பயன்படாது. ரத்த அழுத்த மாத்திரையை ஒரு மாதத்துக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதும் அப்படித்தான். உள்ளூர் நிலையம் தொடர்ந்து தரக்கூடிய மருந்தாக இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

முகாமின் வேகத்தை நிர்ணயிப்பது மலேரியா துரிதப் பரிசோதனை: விரல் நுனி ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் விட்டு, கோடு தெரிகிறதா என்று பார்ப்பது. முடிவு தெரிய 15 நிமிடம் ஆகும் என்பதால் அது பதிவு மேசைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். டாக்டரைப் பார்த்த பிறகு அனுப்பினால் வரிசை இரண்டாகி விடும். ரத்தம் 5 மைக்ரோலிட்டர் போதும். கூடினால் பட்டை சிவந்தே கிடக்கும், கோடு தெரியாது. ரத்தம் விட்ட நேரத்தை மார்க்கரால் பட்டை மேலேயே எழுதி வையுங்கள். நேரம் கடந்து பார்த்தால் இல்லாத கோடு தெரியலாம். இன்னொன்று: மலேரியாக் கிருமியின் ஒரு புரதத்தைக் கண்டறியும், பரவலாகப் பயன்படும் ஹெச்.ஆர்.பி-2 வகைப் பட்டை, மருந்து சாப்பிட்டுக் குணமான பிறகும் சில வாரம் பாசிட்டிவ் காட்டும். போன வாரம் சிகிச்சை எடுத்ததாக நோட்டில் இருந்தால் நுண்ணோக்கிப் பரிசோதனைதான் வழி.

சிக்கலில்லாத மலேரியாவுக்கு ஆர்டிமீத்தர்-லுமெஃபான்ட்ரின், 20/120 மி.கி. மாத்திரை. ஒரு வேளைக்கு, எடை 5 முதல் 15 கிலோவுக்குள் இருந்தால் 1 மாத்திரை, 25-க்குள் 2, 35-க்குள் 3, அதற்கு மேல் 4. மூன்று நாளில் ஆறு வேளை. இரண்டாம் வேளை முதல் வேளைக்கு 8 மணி நேரம் கழித்து. பகல் இரண்டு மணிக்குக் கொடுத்தால் அடுத்தது இரவு பத்துக்கு. கடிகாரம் இல்லாத வீட்டில் தூங்கும் பிள்ளையை யார் எழுப்புவார்கள்? அதனால் காய்ச்சல்காரர்களைக் காலையிலேயே பார்த்து முடியுங்கள். கொழுப்போடு சாப்பிட்டால்தான் மருந்து நன்றாக உடலில் சேரும். நிலக்கடலை மாவு கலந்த கஞ்சி ஊரிலேயே கிடைக்கும். முதல் வேளையைக் கண்ணெதிரே கொடுத்து அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அதற்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டும். வலிப்பு, மயக்கம், குடிக்க முடியாமை இருந்தால் முகாமில் வைத்திருக்காதீர்கள். அதற்கென ஒரு வண்டி டிரைவரோடு தயாராக நிற்கட்டும்.

வயிற்றுப்போக்குக் குழந்தைகள் ஒரே தெருவிலிருந்து வந்தால் அங்குள்ள கைபம்பைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஆஃப்ரிடெவ் பம்பாக இருக்கும். ஒரே ஸ்பேனரில் பிரிக்கலாம். காலையில் பல தடவை அடித்த பிறகே தண்ணீர் வந்தால் அடி வால்வு கசிகிறது. ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சமாகவே வந்தால் குழாய்க்குள் ஏறி இறங்கும் பிளஞ்சரின் யூ-சீல் என்னும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். கைப்பிடி ஆடினால் அதன் புஷ் பேரிங் தேய்ந்திருக்கும். பாகங்களை உள்ளூர்க் கடையில் வாங்கி, அந்த வட்டார மெக்கானிக்கை வைத்தே மாட்டச் சொல்லுங்கள். கூலியைத் தண்ணீர்க் கமிட்டி கொடுக்கட்டும்.