புற ஊதா டார்ச்: முதலில் ஒரு ரோல் டெஃப்லான் டேப் வாங்குங்கள்

பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டெஃப்லான் டேப் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். புற ஊதா பட்டதும் சில பொருள்கள் தாமே நிறம் காட்டி ஒளிரும். அந்த ஒளிர்வைப் படம் எடுக்கப் புற ஊதா டார்ச் வாங்குகிறவர்கள் அதையும் ஒரு ரோல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சின் யோக்கியதை அதில்தான் தெரியும்.

டெஃப்லான் புற ஊதாவை நன்றாகத் திருப்பி அனுப்பும், தானாக ஒளிராது. கும்மிருட்டில் டார்ச்சை அதன்மேல் அடித்துப் பாருங்கள். டேப்பில் தெரிகிற ஊதாவோ வெள்ளையோ, அத்தனையும் டார்ச்சிலிருந்து கசிகிற வெளிச்சம். நல்ல டார்ச் என்றால் டேப் இருக்கிற இடமே சட்டெனப் பிடிபடாது. பலரும் ஏ4 தாளில் அடித்துப் பார்த்து ஏமாறுகிறார்கள். தாளுக்கு வெண்மை கூட்டச் சேர்க்கும் ரசாயனம் எந்த மட்டமான டார்ச்சுக்கும் பளீரென்று நீலமாக ஒளிரும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கசிவுக்கு ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்? நாம் பிடிக்க நினைக்கும் ஒளி அவ்வளவு மங்கல். ஓர் இலையின் பச்சையம் உறிஞ்சிய ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் சிவப்பாகத் திருப்பித் தரும். டார்ச் துளி ஊதாவைக் கசியவிட்டாலும், ரத்தச் சிவப்பாக வர வேண்டிய இலை கத்தரிப்பூ நிறத்தில் வந்து நிற்கும். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திருத்தலாம் என்றால், எது இலையின் நிறம், எது டார்ச்சின் நிறம் என்று பிரிக்கவே முடியாது.

இணையக் கடைகளில் '51 எல்.இ.டி', '100 எல்.இ.டி' என்று மலிவாக வருபவற்றின் ஒளி பெரும்பாலும் 395 நானோமீட்டர் அலைநீளம். எல்.இ.டி. ஒரே அலைநீளத்தில் நிற்பதில்லை, இரண்டு பக்கமும் சில நானோமீட்டர் பரவும். 395-ஐ மையமாக வைத்துப் பரவினால் கணிசமான பங்கு 400-ஐத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியும் ஊதாவாகிவிடும். இரவில் தோட்டத்தில் தேள் தேட அது தாராளமாகப் போதும். படத்துக்கு ஆகாது.

எனவே 365 நானோமீட்டர் டார்ச்தான் வேண்டும். அதிலும் பாதிப்பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 365 எல்.இ.டி.யும் மங்கலான வெண்ணீல ஒளியைக் கூடவே விடும். அதைத் தடுக்க முகப்பில் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் வேண்டும். சந்தையில் இசட்.டபிள்யூ.பி.2 என்ற பெயரில் கிடைக்கும். விளம்பரத்தில் '365' என்று மட்டும் போட்டு, முகப்பில் தெளிந்த கண்ணாடி தெரிந்தால் ஃபில்டருக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இந்த வேலைக்குப் பலர் வைத்திருப்பது நிச்சியா நிறுவனத்தின் எல்.இ.டி. போட்ட கான்வாய் எஸ்2 பிளஸ் என்ற டார்ச். 18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரி ஒன்று போதும், உள்ளங்கைக்குள் அடங்கும். முகப்பு வளையத்தைக் கழற்றி, பழைய கண்ணாடியின் விட்டத்தை வெர்னியரில் அளந்து, அதே அளவு கறுப்புக் கண்ணாடியைப் போட்டு மூடிவிடலாம். தடிமனையும் பாருங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ரப்பர் வளையம் சரியாக உட்காராது.

இந்தக் கண்ணாடி அடர்சிவப்புக்கு அப்பால், அகச்சிவப்பையும் ஓரளவு கடத்தும். 365 எல்.இ.டி. அந்தப் பக்கம் ஏறக்குறைய எதுவும் விடாததால் டார்ச்சுக்குப் பாதகமில்லை. அதே கண்ணாடியை கேமரா ஃபிளாஷ் முன்னால் வைத்தால் கதை வேறு: ஃபிளாஷில் அகச்சிவப்பு ஏராளம், அதைத் தடுக்க இன்னொரு ஃபில்டர் தேவைப்படும். இன்னொன்று, இந்த வகைக் கண்ணாடிக்கு ஈரக்காற்று ஆகாது. கடலோர ஊர்களில் நாளாக நாளாக மேலே வெள்ளைப் படலம் படியும். சிலிகா ஜெல் பையோடு டப்பாவில் மூடி வையுங்கள்.

லூமன் கணக்கை நம்பவே வேண்டாம். லூமன் என்பது மனிதக் கண் உணரும் வெளிச்சத்தின் அளவு. கண்ணுக்கே தெரியாத 365-க்கு '1000 லூமன்' என்று எழுதுகிறவர் ஒன்று தெரியாமல் எழுதுகிறார், அல்லது தெரிந்தே எழுதுகிறார். வாட் என்று போட்டிருப்பதும் வழக்கமாக பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்சாரம்தான், வெளியே வரும் புற ஊதா அதைவிடக் குறைவு. பாலிகார்பனேட் பிளாஸ்டிக் லென்ஸ் உள்ளதைத் தவிருங்கள், அது 365-ஐத் தானே விழுங்கிவிடும். எல்.இ.டி.யைச் சுற்றி ஒளியைத் திருப்பும் குழிவு வழவழப்பாக இருந்தால் நடுவில் பொட்டு விழும். ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரிப்பொரியாக இருந்தால் ஒளி சமமாகப் பரவும். கிட்டத்தில் வைத்து எடுக்கும் படங்களுக்கு இரண்டாவதுதான் சரி.

பேட்டரியில் '9900 எம்.ஏ.எச்.' என்று அச்சடித்த 18650 போலி, அந்த அளவு உடம்புக்குள் அவ்வளவு சக்தி அடங்காது. பிராண்டு செல்களில் 2500 முதல் 3500 வரை பார்க்கலாம். பாதுகாப்புச் சர்க்யூட் உள்ளவை சில மில்லிமீட்டர் நீளம் கூடுதல், சில டார்ச்சுகளில் மூடி முழுதாகத் திருகாது.

டார்ச் சரியாக அமைந்தும் படம் நீலம் பூசி வந்தால், கோளாறு லென்ஸ் பக்கம். பொருளில் பட்டுத் திரும்பும் புற ஊதா லென்ஸுக்குள் நுழைந்து, சில லென்ஸ்களில் உள்ளேயே ஒளிர்வை உண்டாக்கும். அதனால் லென்ஸ் முன்னால் புற ஊதாவைத் தடுக்கும் ஃபில்டர் கட்டாயம். சாதாரண 'யு.வி.' ஃபில்டர்களில் பல 365-ஐ அரைகுறையாகத்தான் தடுக்கும். டிஃபன் ஹேஸ் 2ஏ அல்லது வெளிர்மஞ்சள் ராட்டன் 2ஈ நம்பகமானவை. எதை வாங்கினாலும் இருட்டில் அதன்மேல் டார்ச்சை அடித்துப் பாருங்கள். ஃபில்டரே ஒளிர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைசியாக டெஃப்லான் டேப்பையே ஒரு படம் எடுங்கள். கறுப்பாக வந்தால் டார்ச், லென்ஸ் இரண்டும் தேறின.

முதல் படத்துக்கு மஞ்சள்தூள் நல்லது. கால் டீஸ்பூனை 30 மி.லி. ஆல்கஹால் சானிடைசரில் கலக்கித் தெளியவிட்டால் பச்சை கலந்த மஞ்சளில் ஜொலிக்கும். வெறும் தண்ணீரில் அப்படி வராது, மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் அதில் கரைவதே அரிது. வேங்கைக்கட்டை ஊறிய தண்ணீர் நீலம் காட்டும். தேள் நீலப்பச்சை, ஆனால் புதிதாகச் சட்டை உரித்த தேள் மேல்தோல் இறுகும்வரை ஒளிராது.

வெள்ளை விளக்கில் ஃபோகஸ் செய்து, மேனுவலில் பூட்டிவிட்டு, அறையை இருட்டாக்குங்கள். ட்ரைபாட், எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 200, பத்து விநாடி என்று தொடங்கிக் கூட்டிக் குறைக்கலாம். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் 5500 கெல்வினில் நிறுத்தி, ரா ஃபைலாக எடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது டார்ச்சை ஒரே இடத்தில் பிடிக்காமல் சுற்றி நகர்த்தினால் நிழல் கரையும். நகரும் தேளுக்கு இது ஒத்துவராது. இரண்டு டார்ச், ஐ.எஸ்.ஓ. 1600, ஓரிரு விநாடி என்று வைத்து, வேலை முடிந்ததும் உடனே அணைத்துவிடுங்கள், அதன்மேல் நெடுநேரம் அடிக்கக் கூடாது.

ஃபில்டர் போட்ட டார்ச் மங்கலாகத் தெரிவதால் கண்பாவை சுருங்காது, அதுதான் ஆபத்து. எவர்சில்வர் தட்டில் பட்டுத் திரும்பும் கற்றையும் கண்ணுக்குக் கெடுதல். 400 நானோமீட்டர் வரை தடுக்கும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி போட்ட பிறகே சுவிட்சைத் தொடுங்கள். சலவைப் பவுடரில் துவைத்த வெள்ளைச் சட்டையையும் மாற்றிவிடுங்கள். டார்ச் பட்டால் அது நீலமாக ஒளிர்ந்து, அந்த வெளிச்சம் படத்தில் விழும். அதன் நூல் பிசிறு ஒன்று பொருளின்மேல் விழுந்தாலும் படத்தில் வெள்ளைப் புழுவாகத் தெரியும். ஊதுபந்தால் ஒருமுறை ஊதிவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் மறுபடி பார்த்து, மீதியை இடுக்கியால் எடுத்துவிடுங்கள்.