எங்கே உடைகிறது: வால்வு ஆம்ப் நாட்குறிப்பு

நவம்பர் 2, 2024, சனி

லண்டன் ஹான்வெல்லில் ரிப்பேர்க்கார அண்ணன் ஒருவரின் பட்டறைக்கு வார இறுதிகளில் போய்க்கொண்டிருக்கிறேன். உதவிக்கு என்று பெயர். பெரும்பாலும் டார்ச் பிடிப்பதும் டீ போடுவதும்தான். இன்று பெஞ்சில் ஒரே சமயத்தில் மூன்று பழைய கித்தார் ஆம்ப்கள், கண்ணாடி வால்வுகளால் சத்தத்தைப் பெருக்கும் பெட்டிகள்: 1965 ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், மார்ஷல் ஜேடிஎம்45, வாக்ஸ் ஏசி30. மூன்றும் அறுபதுகளைச் சேர்ந்தவை. இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி அமையாது, அதனால் எழுதி வைக்கிறேன்: சத்தம் சுத்தத்திலிருந்து கரகரப்புக்கு எங்கே உடைகிறது என்று.

டீலக்ஸின் பின்பக்கப் பலகையைக் கழற்றியதும் என் கை உள்ளே போனது. அண்ணன் அதட்டினார்: "தம்பி, கையை உள்ளுக்க விடாதையும். ஓஃப் பண்ணினாலும் கெப்பாசிட்டருக்குள்ள கரண்ட் நிக்கும்." 400 வோல்ட்டுக்கு மேல். சரி, டார்ச்சோடு நிறுத்திக்கொண்டேன்.

நவம்பர் 3, ஞாயிறு

முதலில் க்ளீன், அதாவது கரகரப்பில்லாத சத்தம். எல்லா ஆம்பிலும் வால்யூம் 2, ஒரே டெலிகாஸ்டர் கித்தார், ஒரே ஜி கார்டு.

டீலக்ஸ் மணி போல ஒலித்தது. ஆனால் அது வெறும் 'உள்ளது உள்ளபடி' அல்ல. முதல் வால்வுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் டோன் சர்க்யூட், நடு அலைவரிசையைத் தோண்டி எடுத்துவிடுகிறது. இந்த மாடலில் மிட் குமிழே கிடையாது. அந்த இடத்தில் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு முடித்துவிட்டார்கள். கீழும் மேலும் பளபளப்பு, நடுவில் பள்ளம். க்ளீன் என்று நாம் சொல்வதே ஒருவகை அலங்காரம்தான். ஜேடிஎம்45-இல் அதே கார்டு நடுவில் சதைப்பிடிப்போடு வந்தது. ஏசி30-இல் மேலே ஒரு சலசலப்பு.

லியோ ஃபெண்டர் கித்தார் வாசிக்கத் தெரியாதவர், ரேடியோ ரிப்பேரில் தொடங்கியவர். பிசிறில்லாத சத்தம் வேண்டும் என்பதே கலிபோர்னியாவில் அவர் பட்ட பாடு. 85 வாட் ட்வின் ரிவெர்ப் ஆம்ப் அதன் உச்சம். அதை உடைய வைக்கும் அளவுக்குத் திருப்பினால் உங்கள் காது முதலில் உடையும்.

நவம்பர் 6, புதன்

மாலையில் அண்ணன், அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வைத்தார். ஸ்பீக்கருக்குப் பதில் பெரிய ரெசிஸ்டர், உள்ளே 1 கிலோ ஹெர்ட்ஸ் சைன் அலை. டீலக்ஸின் வால்யூமை மெல்ல ஏற்ற, அலை ஒழுங்காகவே உயர்ந்துகொண்டு போனது; அப்புறம் ஒரு கட்டத்தில் தலை சட்டென்று தட்டையாகிவிட்டது. ஏசி30-இல் அப்படி இல்லை. முன்னாடியே தோள் வளைய ஆரம்பித்து, மெதுவாக உருண்டுகொண்டே வந்தது.

காரணம் நெகட்டிவ் ஃபீட்பேக். ஃபெண்டரும் மார்ஷலும் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து கொஞ்சம் சிக்னலைத் திருப்பி எடுத்துவந்து, ஸ்பீக்கரை இயக்கும் கடைசிக் கட்டமான பவர் பகுதி செய்யும் தப்புகளைச் சரிசெய்கின்றன. சரிசெய்ய முடிகிறவரை சுத்தம். முடியாத இடம் வந்ததும் ஒரேயடியாக விட்டுவிடும். வாக்ஸை வடிவமைத்த டிக் டென்னி அந்த இணைப்பை வைக்கவில்லை. அதனால் நான்கு இஎல்84 பவர் வால்வுகளின் குணம் ஆரம்பத்திலிருந்தே கேட்கிறது. ஏசி30-இல் க்ளீன் எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். சைன் அலையை எடுத்துவிட்டுக் கித்தாரைச் செருகினால் திரை வேறு கதை சொல்கிறது. மீட்டும் துண்டான பிக் தந்தியில் படும் முதல் நொடித்துணுக்கு மட்டும் கூரையில் முட்டித் தட்டையாகிறது; பின்னால் வரும் வால் பகுதி சுத்தமாக இருக்கிறது. டீலக்ஸின் வால்யூமை 4-ஐ ஒட்டி வைத்தால் இந்த இரண்டும் ஒரே சுரத்துக்குள் நடக்கின்றன. மெல்ல மீட்டினால் க்ளீன், அழுத்தினால் கரகரப்பு. பெடல் எதையும் மிதிக்காமல் விரலிலேயே இரண்டு ஆம்ப்.

நவம்பர் 9, சனி

இன்று ஜேடிஎம்45 நாள். பக்கத்துக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தோம்.

இந்த ஆம்ப் பிறந்ததும் இதே ஹான்வெல், இதே அக்ஸ்பிரிட்ஜ் ரோடுதான். ஜிம் மார்ஷலின் கடையில் 1962-63 வாக்கில் கென் பிரானும் டட்லி கிரேவனும் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் 5எஃப்6-ஏ சர்க்யூட்டை அப்படியே எடுத்துச் செய்தார்கள். அப்படியென்றால் ஏன் வேறு மாதிரி கத்துகிறது? பாஸ்மேனின் முதல் வால்வு 12ஏஒய்7, பெருக்கம் 45-ஐ ஒட்டி. இங்கே அந்த இடத்தில் 100 பெருக்கமுள்ள ஈசிசி83. போதாததற்கு, திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கருக்குப் பதில் மூடிய பெட்டியில் 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள். வரைபடம் ஏறக்குறைய ஒன்று, சீக்கிரம் உடைவது இது.

வால்யூமை 8-இல் வைத்து ஏ, இ என்ற இரண்டு சுரங்களை மட்டும் சேர்த்து ஒரு பவர் கார்டு. ஏ 110 ஹெர்ட்ஸ், இ 165. டிஸ்டார்ஷனில், அதாவது சத்தம் உடைந்து கரகரக்கும்போது, இரண்டு சுரங்கள் ஒன்றையொன்று கலந்து, கூட்டலும் கழித்தலும் புதுச் சுரங்களாக வெளியே வரும். 165-இல் 110 போனால் 55: ஒரு ஸ்தாயி கீழே அதே ஏ. கூட்டினால் 275: கிட்டத்தட்ட சி ஷார்ப். நான் தொடவே இல்லை, ஆனாலும் கேட்கிறது. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் கேட்பதுபோல. காரணம் வேறு, அங்கே அது தந்தியின் மேல்சுரம், இங்கே வால்வு செய்த கணக்கு.

அதே சி ஷார்ப்பை ஒரு ஸ்தாயி கீழே நானே விரல் வைத்து வாசித்தால் சேறு. 138.6-இல் 110 போனால் 28.6. ஏ-க்கு இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ஏ-யோ 27.5. ஒட்டவில்லை, உறுமுகிறது. ராக் இசைக்காரர்கள் கார்டின் மூன்றாம் சுரத்தை (ஏ-க்கு இந்த சி ஷார்ப்) கைவிட்டதற்குப் பாதிக் காரணம் இந்தக் கூட்டல் கழித்தல்தான் என்பேன். டீலக்ஸை 2-இல் வைத்து அதே முழு கார்டை வாசித்தேன். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எண்ணும்படி நின்றது.

நவம்பர் 10, ஞாயிறு

கரகரப்பு முதலில் கோளாறாகத்தான் வந்தது. 1951-இல் மெம்ஃபிஸில் ஐக் டர்னரின் குழு சாம் ஃபிலிப்ஸின் ஸ்டுடியோவுக்கு வந்தபோது கித்தார் ஆம்ப் அடிபட்டிருந்தது; ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்துப் பதிவு செய்தார்கள். கிங்க்ஸ் இசைக்குழுவின் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்பின் ஸ்பீக்கரை பிளேடால் கீறினார். இந்தக் கதைகளை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கிழிந்த ஸ்பீக்கரின் பிசிறும் திணறும் பவர் வால்வின் முழக்கமும் ஒன்றல்ல. முன்னது மெல்லத் தொட்டாலும் பிசிறடிக்கும். பின்னது கைக்கு அடங்கும். நம் ஆட்கள் இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுவது எனக்கு எரிச்சல்.

நவம்பர் 13, புதன்

டீலக்ஸின் சொந்தக்காரர் வந்தார். வீட்டில் வால்யூம் 2-க்கு மேல் போக முடியவில்லை, அதனால் முன் வால்வுகளைத் திணறவிட்டபடியே வெளிவரும் சத்தத்தைக் குறைக்கும் மாஸ்டர் வால்யூம் குமிழ் போட்டுத் தரவேண்டும் என்றார். அண்ணன் முடியாது என்றுவிட்டார். பழைய ஆம்பில் ஓட்டை போடக்கூடாது என்பது ஒன்று. முன் வால்வுகளை மட்டும் திணறவைத்துப் பவர் வால்வைச் சும்மா விட்டால் வருவது கொசுச் சத்தம்தான் என்பது இன்னொன்று. இரண்டாவதை நான் முழுக்க ஏற்கவில்லை. எழுபதுகளின் மெசா பூகி ஆம்ப்கள் அந்த வழியில்தான் பாடின. ஆனால் அவை அதற்கென்றே அடுக்கடுக்காகக் கட்டியவை. டீலக்ஸுக்கு அது பொருந்தாது.

22 வாட் அவருடைய அடுக்குமாடிக்கு அதிகம். ஒரே ஒரு 6வி6 பவர் வால்வு, 8 அங்குல ஸ்பீக்கர், 5 வாட்டை ஒட்டிய ஃபெண்டர் சாம்ப் ஒன்று தேடச் சொன்னேன். ஒற்றை வால்வு என்பதால் இரண்டாம் மேல்சுரம் (சுரத்தின் இரு மடங்கு அலைவரிசை) பவர் பகுதியில் அடிபட்டுப் போகாது. டீலக்ஸில் எதிரெதிராக நிற்கும் ஜோடி வால்வுகள் அதைப் பெரும்பாலும் தின்றுவிடும். "அதுவும் சத்தம்தான்" என்றார் அண்ணன். உண்மை. 5 வாட்டும் சுவரைத் தாண்டும்.