மக்தலாவில் ஒரு குத்துவிளக்கு

புனித நாட்டுக்குப் போனால் கலிலேயாக் கடலில் படகு, கப்பர்நகூம், பேதுரு மீன் சாப்பாடு, அப்புறம் பஸ். இதற்கு நடுவில் எங்கள் கைடு மக்தலாவையும் சேர்த்திருந்தது நல்லதாகப் போயிற்று.

திபேரியாவுக்குச் சற்று வடக்கே, கரையோரமாக இருக்கிறது மகதலேனா மரியாளின் ஊர். யாத்திரிகர் விடுதி கட்டுவதற்கு முன்பு 2009-ல் தோண்டிப் பார்த்தபோது முதல் நூற்றாண்டு யூத ஜெப ஆலயம் ஒன்று வெளிவந்தது. சிறியதுதான். சுவரோரம் கல் திண்ணைகள், கொஞ்சம் மொசைக் தரை. கி.பி. 29-ஆம் ஆண்டுக் காசு ஒன்றும் கிடைத்திருக்கிறது. இயேசு இந்த ஆலயத்துக்கு வந்தார் என்று வேதத்தில் வரி இல்லை. கலிலேயா எங்கும் சுற்றி ஜெப ஆலயங்களில் உபதேசித்தார் என்று மத்தேயு சொல்கிறார். இதை மட்டும் விட்டிருப்பாரா என்ன?

நடுவில் குட்டைக் கால்களோடு ஒரு கல், முழங்கால் உயரம்கூட இல்லை. அங்கே வைத்திருப்பது நகல். அசல் வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது. குனிந்து பார்த்தால் ஒரு பக்கத்தில் ஏழு கிளை விளக்கு, இரு புறமும் இரண்டு ஜாடிகள். மேற்பரப்பில் ஆறு இதழ்ப் பூ. இதைச் செதுக்கிய காலத்தில் எருசலேம் தேவாலயம் இடிபடவில்லை. இப்படியொரு விளக்கு எரிந்தது அதன் பரிசுத்த ஸ்தலத்தில்; அதற்குள் நுழைய ஆசாரியர்களுக்குத்தான் உரிமை. பார்த்த ஆசாரியர் யாராவது சொல்லக் கேட்டு உளி பிடித்தாரோ என்னவோ!

எங்களோடு வந்த போதகர் அங்கேயே நின்று, வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் முதல் அதிகாரத்தை வாசித்தார். மோசே செய்வித்தது ஏழு கிளையுள்ள ஒரே குத்துவிளக்கு. பத்மு தீவில் யோவான் காண்பதோ ஏழு பொன் குத்துவிளக்குகள், அவற்றின் நடுவே மனுஷகுமாரனுக்கொப்பானவர். ஏழும், ஆசியா என்ற அன்றைய ரோம மாகாணத்தில் எபேசு முதலான ஏழு சபைகள். நம் பிரசங்கங்களில் இந்தப் புத்தகம் என்றாலே 666-ம் அந்திக்கிறிஸ்துவும்தான். எனக்கு அதைவிட இந்த விளக்கு பெரிதாகப் படுகிறது. தேவாலயத்துக்குள் எரிந்த விளக்கு, வீடுகளில் கூடி ஜெபித்த சாதாரண ஜனங்களுக்கு அடையாளமாகிறது.

பக்கத்துக் கிறிஸ்தவ ஆலயத்தின் கீழ்த்தளத்தில், பெரும்பாடுள்ள ஸ்திரீ இயேசுவின் வஸ்திர ஓரத்தைத் தொடும் பெரிய ஓவியம் உண்டு. குரூப் முழுவதும் போட்டோ எடுக்க அங்கே போய்விட்டது. கல்லருகே நின்ற ஓர் அக்கா மட்டும் போதகரிடம், “ஐயா, அப்போ எபேசு சபைக்கு ‘உன் விளக்குத்தண்டை நீக்கிவிடுவேன்’னு சொன்னது?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அடுத்த அதிகாரத்தில் வரும் எச்சரிக்கை அது. கி.பி. 67-ல் ரோமர் மக்தலாவைப் பிடித்தார்கள். 70-ல் தேவாலயம் எரிந்தது. அதன் பொன் விளக்கை ரோமாபுரியில் வெற்றி ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். தீத்து வளைவில் அந்தச் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம். வெளிப்படுத்தின விசேஷம் முதல் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்டது என்பதே அறிஞர்கள் பலரின் கணிப்பு. அப்படியானால், விளக்கை இடத்தைவிட்டு எடுத்துவிடுவேன் என்ற எச்சரிக்கை எபேசு யூத விசுவாசிகளின் காதில் எப்படி விழுந்திருக்கும்? அவர்கள் வாழ்நாளிலேயே ஒருமுறை நடந்து முடிந்த காரியமல்லவா அது!

அக்கா பஸ்ஸில் ஏறியதும் கைடிடம் துருக்கி டூருக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். எபேசு உட்பட ஏழு ஊர்களும் இப்போது அங்கேதான் இருக்கின்றன.