மஞ்சப்பையில் ஏறிய வாளை

கை இன்னும் நாறுகிறது. எலுமிச்சைத் தோல், காபித்தூள், கடலைமாவு எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. இதைத் தட்டும்போதுகூட ஒரு விரல் நெத்திலி, ஒரு விரல் வாளை.

சனிக்கிழமை, அதுவும் புரட்டாசி சனிக்கிழமை. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அஷ்டலட்சுமி கோயில் வாசலில் துளசி வாங்கிக்கொண்டு எட்டரைக்குள் வந்துவிட வேண்டும், தளிகை போடணும். மஞ்சப்பையைக் கையில் கொடுத்து, "நேராப் போ, நேரா வா" என்று சொல்லித்தான் அனுப்பினாள். ஐம்பத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் ஏன் இப்படிச் சொல்கிறாள் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் மணல் வழியாகப் போனேன்.

ஆல்காட் குப்பம் பக்கம் பெரிய வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் அது கண்ணில் படுவதே அபூர்வம். ஃபைபர் படகில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாக விட்டுவிட்டு வருவார்கள், கயிற்றின் இரண்டு நுனியையும் கரையில் இரண்டு கோஷ்டி பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து நடந்து இழுக்கும், இழுக்க இழுக்க இரண்டு கோஷ்டியும் நெருங்கி வரும், கடைசியில் மீன் சேருகிற வலைப்பை, அதாவது மடி, கரையேறும். நின்று பார்க்க அருமையாக இருக்கும். தினமும் வணக்கம் வைக்கிற அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார். "ஒரு ஆளு கம்மி சார், சும்மா கைய வைங்க."

கையை வைத்தேன்.

"தெண்டி ஜாஸ்தி சார், வலை வடக்கால போவுது" என்றார். தெண்டி என்றால் தெற்கேயிருந்து ஓடுகிற நீரோட்டம். நானும் கடலைப் பார்த்துப் பொறுப்பாகத் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே நீரோட்டம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து எங்கள் குளியலறைக்கு வருவதுதான், அதுவும் பாதி நாள் வராது. முக்கால் மணி நேரம் இழுத்தோம். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று, இடுப்பில் இத்தனை வருடமாக வாயைத் திறக்காமல் இருந்த ஓர் எலும்பு அன்றைக்குத்தான் தன் பெயரைச் சொன்னது. எனக்கு முன்னால் இழுத்த பெரியவருக்கு எழுபதாவது இருக்கும், மனிதர் பீடி அணையாமல் இழுத்தார்.

மடியைப் பிரித்தால் பாதி சொறி, அதாவது ஜெல்லிமீன். அப்புறம் ஷாம்பூ பாக்கெட்டுகள், ஒற்றைச் செருப்பு, போன மாதம் யாரோ கரைத்த பிள்ளையாரின் ஜிகினா மாலை. அதற்கெல்லாம் அடியில்தான் நெத்திலி, காரப்பொடி, கொஞ்சம் கவளை, நாலைந்து வாளை. "எண்ணெய்க்காசுக்கே பத்தாது" என்று யாரோ சலித்துக்கொண்டார்கள். அந்த மீனிலிருந்துதான் எனக்குப் பங்கு பிரித்தார் அண்ணன். வேண்டாம் என்றேன். புரட்டாசி என்றேன். "கை வச்ச ஆள வெறுங்கையா அனுப்பினா வலைக்கு ஆவாது சார்" என்று மஞ்சப்பையை வாங்கி, ஒன்றரைக் கிலோவாவது இருக்கும், நெத்திலியைக் கொட்டி மேலே ஒரு வாளையையும் திணித்துவிட்டார். வாளையை நான் மீன் கணக்கில் சேர்க்க மாட்டேன், அது பெல்ட். எப்படி மடித்து வைத்தாலும் வால் வெளியே வந்துவிடும். பை சித்தி மகள் கல்யாணத்தில் தாம்பூலத்துக்குக் கொடுத்தது. 'தங்கள் நல்வரவை நாடும்' என்ற வரிக்கு மேலே வால் ஆடிக்கொண்டிருந்தது.

அரசாங்கம் ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடை போடுகிறது, அதில் கட்டுமரத்துக்கும் ஃபைபருக்கும் விலக்கு உண்டு. அம்மா போடுகிற ஒரு மாதத் தடையில் முட்டைக்குக்கூட விலக்கு கிடையாது. ஆகவே வீட்டுக்குப் போவதற்குள் பையைக் காலி செய்தாக வேண்டும். முதலில் மீன் விற்கும் அக்காவிடம் போனேன், ஈரச் சாக்குக்குக் கீழே வஞ்சிரமும் சங்கராவும் அப்படியே கிடந்தன. இலவசமாகக் கொடுத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தது என் அறிவு. "இன்னா சார் வெளையாடறியா? பாதி வெலைக்குக் குடுக்கறேன்னு காலையிலேர்ந்து கூவுறேன், ஒரு ஆளு திரும்பிப் பாக்கல. நீ ஓசியில குடுக்க வந்துட்ட." அப்புறம் அவருக்கே மனசு கேட்காமல், "வாளைய வேணா நறுக்கித் தர்றேன், அம்பது ரூவா குடு" என்றார். ஏன் கொடுத்தேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. தின்ன முடியாத மீனுக்கு, காசு கொடுக்காமல் கிடைத்த மீனுக்கு, ஐம்பது ரூபாய். வாலை மட்டும் அவர் நறுக்கவில்லை.

அடுத்து டீச்சர் அக்கா. வேளாங்கண்ணி மாதா கொடியேற்றத்துக்கு எங்களைக் கூப்பிடாத வருடமே இல்லை, ஆபத்துக்கு உதவுவார் என்று போனால் நேராக அடுக்களைக்குக் கூட்டிப்போய் ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். கால் வைக்க இடமில்லை. "புரட்டாசி பொறந்தா இந்தத் தெருவுல இருக்கிற அத்தனை பேரும் கோட்டா மீனை எங்கிட்ட தள்ளிடறீங்க. எங்க வீட்டுக்காரருக்கு யூரிக் ஆசிட் வந்ததே உங்க பெருமாளாலதான்." வாட்ச்மேனுக்குக் குலதெய்வமே பெருமாளாம். கீழ்வீட்டுப் பையன்கள் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இதைச் செய்து கொடுத்தால் சாப்பிடுவதாக ஒப்புக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் நாமம் போட்ட சொம்போடு "கோவிந்தா" என்று வீடு வீடாகப் போய் அரிசி வாங்குவோம், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நான் அதே தெருவில் வீடு வீடாக ஏறிக் கொடுக்கிறேன், வாங்க ஆளில்லை. பின்னால் ஐந்து பூனைகள். அவற்றிடமே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். இழுத்த கை அதற்குச் சம்மதிக்கவில்லை.

வீட்டு வாசலில் அம்மா. மணி பத்தே கால். பையைப் பார்த்தாள், வாலைப் பார்த்தாள், என் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். சட்டை முழுக்க மணல். "துளசி எங்கடா?" என்று கேட்பாள், மாடிப்படிக்கு ஓட வேண்டியதுதான் என்று தயாராக நின்றேன்.

"பெரிய வலையா?"

"ஆமாம்மா."

"அதானே. கடையில ஏது இந்தப் பளபளப்பு."

வாளையைத் தொடவில்லை, ஆனால் குனிந்து செவுள் வரைக்கும் பார்த்தாயிற்று. பத்து எண்ணுவதற்குள் தீர்ப்பு வந்தது. "திங்கத்தான் கூடாது. காய வைக்கக் கூடாதுன்னு எந்தப் பெருமாள் சொன்னார்? போய்க் கல்லுப்பு வாங்கிட்டு வா." மேல்வீட்டு மாமி தொட்டியிலிருந்து நாலு தழைத் துளசி வந்தது, பெருமாளும் அதை வைத்து அனுசரித்துக்கொண்டார். தளிகை முடிந்து, வடை சாப்பிட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு நானும் அம்மாவும் மொட்டைமாடியில் முறத்தில் நெத்திலி பரப்பினோம். என்ன கணக்கு என்று தெரியவில்லை, ஒவ்வொரு மீனையும் தலை கிழக்குப் பார்க்க வைக்கச் சொன்னாள்.

நாலரைக்கு வாட்ஸ்அப் குழுவில் செக்ரட்டரி. 'புனித மாதத்தில் பொது இடத்தில் அசைவ நாற்றம், சம்பந்தப்பட்டவர்கள் உடனே அகற்றவும்.' பதினோரு பேர் கட்டைவிரல். அதில் டீச்சர் அக்கா கட்டைவிரலும் உண்டு, அதை நான் மறக்க மாட்டேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஐப்பசி ஒண்ணாம் தேதி நாத்தம் எங்கன்னு தேடிட்டு வருவான் பாரு" என்று சீரியலுக்குத் திரும்பினாள்.

இரவு ஒன்றரைக்கு இடி. செப்டம்பர் மழைக்கே உரிய புத்தி, பகலெல்லாம் வேகவைத்துவிட்டு நடு ராத்திரியில் வந்து கதவைத் தட்டும். குடையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினால், முட்டிவலி என்று கோயில் படியே ஏறாத அம்மா மூன்று மாடி ஏறி எனக்கு முன்னால் நிற்கிறாள், முறத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, தலை சொட்டச் சொட்ட. பக்கத்தில் டார்ச் அடித்துக்கொண்டு லுங்கியோடு செக்ரட்டரி. எனக்கு வாய் வரவில்லை.

அவர் முந்தானையின் ஓரத்தை மெல்லத் தூக்கி, டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கோ மாமி?" என்றார்.