கடைசி மணி வரை நீளுமா?

ஒரு கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டை மூன்று நடுவர்களின் தீர்ப்பு வரை நீளுமா என்று கணிக்கும்போது, வீரர்களின் புகழைவிட எடைப்பிரிவையே நான் முதலில் பார்க்கிறேன். 120 கிலோ வரை அனுமதிக்கும் ஹெவிவெயிட்டில் ஒரே குத்து ஆட்டத்தை முடித்துவிடக்கூடும். 52 கிலோ மகளிர் பிரிவிலோ, அடிகள் எவ்வளவு பெருகினாலும் எதிராளி பெரும்பாலும் நின்றுகொண்டேயிருப்பார். இத்தகைய சண்டைகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யுஎஃப்சியில் வழக்கமான சண்டைக்கு ஐந்து நிமிடச் சுற்றுகள் 3, பட்டச் சண்டைக்கு 5 என்பதால், பின்னதில் களைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெற்றிகளைவிடத் தோல்விகள் நேர்ந்த விதமே எனக்கு அதிகம் சொல்லும். ஆயினும், 2024 ஏப்ரலில் ஜஸ்டின் கேத்ஜியை மேக்ஸ் ஹாலோவே வீழ்த்தியபோது ஐந்தாம் சுற்றில் மீதமிருந்தது 1 விநாடி மட்டுமே. இறுதி நொடிகளில் தரையைச் சுட்டிக்காட்டி நேருக்கு நேர் மோத அழைத்தவரும் ஹாலோவேதான். அத்தகைய துணிச்சலை எந்தக் கணக்கில் அடக்குவது?