ஊர்ப்பெயரைச் சுமக்கும் பியர் ஊரை விட்டுப் போனால்

நியூகாசில் பிரௌன் ஏல் என்ற பியர் 1927இல் சந்தைக்கு வந்தது. இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் நதிக்கரையில் இருக்கும் நகரத்தின் பெயரைத்தான் அது இன்றும் சுமக்கிறது. 2000ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. அதன்படி நகர எல்லைக்குள் காய்ச்சினால்தான் அந்தப் பெயர் செல்லும். நான்கே ஆண்டுகளில், நகரத்துக்குள் இருந்த டைன் ஆலையை மூடப்போவதாக ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் நிறுவனம் அறிவித்தது. 2005இல் உற்பத்தி ஆற்றுக்கு அக்கரையில், கேட்ஸ்ஹெட்டைச் சேர்ந்த டன்ஸ்டனுக்குப் போனது. சில கிலோமீட்டர் தூரம்தான், ஆனாலும் எல்லை தாண்டியாகிவிட்டது. கேட்டு வாங்கிய குறியீட்டை நிறுவனமே ரத்து செய்யச் சொல்ல வேண்டியதாயிற்று. 2007இல் அது ரத்தானது. 2010இல் டன்ஸ்டனும் மூடப்பட்டு, டச்சு நிறுவனமான ஹைனகென் கையில் பியர் யார்க்‌ஷயரின் டாட்காஸ்டருக்குப் போனது. 2019இல் அமெரிக்காவில் விற்பதற்கானதை அங்கேயே லகுனிடாஸ் ஆலையில் வேறு செய்முறையில் காய்ச்சத் தொடங்கினார்கள்.

காரணம் பெரும்பாலும் கணக்குதான். பெரிய ஆலை ஒன்று பாதி கொள்ளளவில் ஓடினால் நஷ்டம். நகர நடுவில் இருக்கும் பழைய ஆலையின் நிலமோ நல்ல விலைக்குப் போகும். மான்செஸ்டரில் பாடிங்டன்ஸ் காய்ச்சிய ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆலை 2005இல் நின்றது. லீட்ஸில் 1822இல் தொடங்கிய டெட்லி ஆலையைக் கார்ல்ஸ்பெர்க் 2011இல் மூடியது.

ஒவ்வொரு முறையும் குடிப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: தண்ணீர் மாறிவிட்டது, ருசி போய்விட்டது. ருசி மாறுவது உண்மை. பழியைத் தண்ணீர் மேல் போடுவதுதான் தப்பு. இடமாற்றத்தில் சரிசெய்ய மிகச் சுலபமானது தண்ணீர். சிக்கல் தொட்டியிலும் ஈஸ்ட்டிலும் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், பழைய ருசி இதுதான் என்று காட்ட ஒரு மாதிரி கையில் இல்லாமல் போவது.

தண்ணீர் ஒரு காலத்தில் விதியாகவே இருந்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரின் கிணற்று நீரில் சல்பேட் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல், செக் நாட்டின் பில்சன் நீரில் கால்சியம் 10 மில்லிகிராம்கூடத் தேறாது. முன்னதில் கசப்பான பேல் ஏல் பிறந்ததற்கும் பின்னதில் மென்மையான லாகர் பிறந்ததற்கும் இதில் பங்கு உண்டு. இன்று எந்தத் தண்ணீரையும் எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் வெறும் நீராக்கி, தேவையான உப்பைத் திரும்பச் சேர்க்கலாம். 100 லிட்டருக்கு 10 கிராம் ஜிப்சம் போட்டால் லிட்டருக்குக் கால்சியம் 23, சல்பேட் 56 மில்லிகிராம் ஏறும். அதே 10 கிராம் கால்சியம் குளோரைடு, படிக நீர் இரண்டு உள்ள வகை, கால்சியம் 27, குளோரைடு 48 ஏற்றும். பைகார்பனேட்டை 61 மில்லிகிராம் இறக்க, 100 லிட்டருக்கு 88 சதவீத லாக்டிக் அமிலம் 8 முதல் 9 மில்லிலிட்டர் ஆகும். மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, ஊறும்போது அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 5.2க்கும் 5.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். மேலே போனால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும்.

தவறு நடப்பது கணக்கில் அல்ல, கைப்பழக்கத்தில். ஜிப்சம் சூடான நீரில் சரியாகக் கரையாது. வெந்நீர்த் தொட்டியில் கொட்டினால் பாதி அடியில் தங்கிவிடும். மால்ட்டோடு சேர்த்தே போடுவது நல்லது. கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். திறந்த மூட்டையிலிருந்து எடுத்து எடை போட்டால் உப்போடு தண்ணீரையும் நிறுக்கிறீர்கள். கரைசலாக்கி அடர்த்தி பார்த்து அளந்தால் இந்தப் பிழை வராது. குழாய் நீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமின் இருந்தால் கரி வடிகட்டி கட்டாயம். சிறிய அளவென்றால் 100 லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் போதும். விட்டுவிட்டால் பியரில் மருந்து வாடை வரும், அதை எடுக்க வழியில்லை.

இனி தொட்டி. டெட்லியின் பிட்டர் என்ற பீப்பாய் ஏல் லீட்ஸில் யார்க்‌ஷயர் சதுரங்களில் நொதித்தது. ஆழம் குறைந்த தொட்டி, அதன் தலையில் ஒரு மேல்தளம், நடுவில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. நுரையோடு ஈஸ்ட் அந்த ஓட்டை வழியாக மேல்தளத்துக்கு ஏறித் தங்கும். கீழிருக்கும் சாற்றை, அதாவது மால்ட் ஊறி இறங்கிய இனிப்பு நீரை, அவ்வப்போது பம்ப் வைத்து மேலே அடித்துக் கலக்கிவிடுவார்கள். அந்த ஈஸ்ட் சீக்கிரம் திரண்டு ஒதுங்கும் குணம் கொண்டது, கலக்கிவிட்டால்தான் வேலை செய்யும். ஆலை மூடியபின் பீப்பாய் பியர் வுல்வர்ஹாம்ப்டனுக்குப் போனது. ஈஸ்ட்டை லாரியில் ஏற்றலாம், சதுரங்களை யாரும் ஏற்றுவதில்லை.

பெரும்பாலான பெரிய ஆலைகளில் இருப்பது கூம்பு அடி கொண்ட உயரமான உருளைகள். சாறு 10 மீட்டர் ஆழம் நின்றால் அடியில் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். கரைந்த கார்பன் டை ஆக்சைடு அதிகமாகும், ஈஸ்ட்டின் பெருக்கம் குறையும், பழ வாசனை தரும் எஸ்டர்கள் குறையும். பழைய ஏலின் அடையாளமே அந்த எஸ்டர்கள்தான். ஈடுகட்ட மூன்று வழிகள் உண்டு: உருளையை முழுதும் நிரப்பாமல் விடுவது, நொதிக்கும் வெப்பத்தை ஒன்றிரண்டு டிகிரி ஏற்றுவது, வழக்கமாக லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிகிராம் கொடுக்கும் ஆக்சிஜனைக் கொஞ்சம் குறைப்பது. மூன்றையும் ஒரே முறையில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

திரளும் ஈஸ்ட் உருளையில் வேலை முடியுமுன்னே கூம்பின் அடிக்கு இறங்கிவிடும். அப்போது இரண்டு கேடுகள். சர்க்கரை மிச்சமிருக்கும், ஈஸ்ட் திரும்ப உறிஞ்ச வேண்டிய டைஅசிட்டைல் பியரிலேயே தங்கி வெண்ணெய் வாசம் அடிக்கும். குளிரூட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்தே ஆக வேண்டும். இரண்டு மாதிரி எடுத்து, ஒன்றை மூடி 60 டிகிரியில் 20 நிமிடம் சூடாக்கி ஆறவைத்து, சூடாக்காததோடு ஒப்பிட்டு முகரவும். சூடாக்கியதில் வெண்ணெய் வாசம் வந்தால் இன்னும் குளிரூட்டக் கூடாது.

ஈஸ்ட்டின் அளவும் அப்படியே பொருந்தாது. மில்லிலிட்டருக்கு, ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (சாற்றின் சர்க்கரை அடர்த்தியை அளக்கும் அலகு), 7.5 லட்சம் முதல் 10 லட்சம் செல்கள் என்பது வழக்கம். 12 டிகிரிச் சாற்றுக்கு 90 லட்சம் முதல் 1.2 கோடி. ஆய்வகத்திலிருந்து புதிதாக வளர்த்த ஈஸ்ட்டின் முதல் தலைமுறை மந்தமாகவே இருக்கும், ஆகவே முதல் காய்ச்சலை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அவசரம். மூன்றாம் தலைமுறையிலிருந்து பார்க்கலாம். ஆலையின் ஈஸ்ட் இரண்டு வகைகளின் கலவையாக இருந்தால் கவனம் இன்னும் தேவை. சதுரத்தில் மேலே ஏறியதை அள்ளுகிறோம், கூம்பில் அடியில் தங்கியதை எடுக்கிறோம். சில சுற்றுகளில் விகிதமே சாய்ந்துவிடும். இரண்டையும் தனித்தனியாக வளர்த்து ஒவ்வொரு முறையும் அளந்து கலப்பதுதான் பாதுகாப்பு, செலவு பிடித்தாலும்.

பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூ பற்றிச் சுருக்கமாக. முழுப் பூவிலிருந்து, அரைத்து அழுத்திய உருண்டைக்கு மாறினால் கசப்பு பத்து சதவீத அளவில் கூடும். பெரிய ஆலையில் கொதித்த சாறு ஆறக் காத்திருக்கும் நேரமும் நீளும், 80 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை கசப்பு ஏறிக்கொண்டே போகும். பழைய எடையை அப்படியே போடக் கூடாது. புது ஆலை 16 டிகிரி பிளேட்டோவில் அடர்த்தியாக நொதித்து, ஆக்சிஜன் நீக்கிய நீர் சேர்த்து 12க்கு இறக்கும் முறையில் ஓடினால், 100 லிட்டர் சுமார் 133 லிட்டராகும். நிறமும் கசப்பும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வைத்துத் தொடங்க வேண்டும். எஸ்டர் மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது, அடர்த்தி ஏறுவதைவிட வேகமாக ஏறும்.

இத்தனையும் பொருந்தியதா என்பதை நாக்குதான் சொல்ல வேண்டும். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. வேறானது எது என்று கேட்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்வார். 24 பேரில் 13 பேர் சரியாகச் சொன்னால் வித்தியாசம் உண்டு என்று கொள்ளலாம். 12 பேர் என்றால் ‘இரண்டும் ஒன்று’ என்று நிரூபணமாகிவிடாது. வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒன்றுதான் என்று காட்ட இன்னும் நிறையப் பேர் தேவை. நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்கச் சிவப்பு விளக்கு, எல்லாக் கிளாஸிலும் ஒரே வெப்பநிலை, எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு பியருக்கும் ஒரே வயது.

கடைசியாகச் சொன்னதில்தான் பல இடமாற்றங்கள் சறுக்குகின்றன. பழைய ஆலை மூடிய நாளிலிருந்து அதன் பியர் கிழடாகத் தொடங்குகிறது. 0 முதல் 2 டிகிரியில் வைத்தாலும் சில மாதங்களில் அது பழைய ருசி இல்லை. பழசும் புதுசும் பல மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும், கலந்து விற்றுப் படிப்படியாக விகிதத்தை மாற்ற வேண்டும். மூடும் தேதியை முதலில் அறிவித்துவிட்டுச் சோதனையைப் பிறகு தொடங்கும் நிறுவனம், எதை நோக்கிச் சரிசெய்கிறோம் என்பதையே இழந்துவிடுகிறது. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். செய்முறைத் தாள் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும், ருசி இருக்காது.

குடிப்பவருக்குத் தெரிய வேண்டியதைத் தெரிவிப்பதிலும் இதே அலட்சியம். ஜெர்மனியின் பிரெமன் ஊரைச் சேர்ந்த பெக்ஸ், அமெரிக்கச் சந்தைக்கு 2012 முதல் செயின்ட் லூயிஸில் காய்ச்சப்பட்டது. வழக்கு நடந்து 2015இல் சமரசமானது. ரசீது வைத்திருந்த குடும்பத்துக்கு 50 டாலர் வரை, இல்லாதவர்களுக்கு 12 டாலர் வரை திருப்பிக் கொடுக்கவும், லேபிளைத் தெளிவாக்கவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஜமைக்காவின் ரெட் ஸ்ட்ரைப் பென்சில்வேனியாவின் லட்ரோபில் தயாரானது தொடர்பான வழக்கு தள்ளுபடியானது. காய்ச்சிய இடம் லேபிளில் இருந்தது, எழுத்து சின்னதாக இருந்தாலும். பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை. பாட்டிலை வாங்கும்போது முன்பக்கத்து ஊர்ப்பெயரை நம்ப வேண்டாம். பின்பக்கத்தில் ‘காய்ச்சியது’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். தனியாக ஒரு முகவரி மட்டும் இருந்தால் அது தலைமையகமாகவும் இருக்கலாம்.

ரெட் ஸ்ட்ரைப்பின் அமெரிக்க உற்பத்தி 2016இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்குத் திரும்பியது. அங்கே ஆலை மூடப்படவே இல்லை. தொட்டியும் ஈஸ்ட்டும், ஒப்பிட்டுப் பார்க்கப் புதுப் பியரும் தயாராக இருந்தன. நியூகாசிலில் டைன் ஆலை நின்ற நிலத்தில் இன்று பல்கலைக்கழகக் கட்டடங்களும் அலுவலகங்களும் இருக்கின்றன.